முன்சீட்டில் பேசிக்கொண்டே வந்தேன்

எனக்கு வாய் அதிகம். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். பேக்டரியில் என் லைனில் வேலை செய்கிறவர்கள் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குக் காணாது. சாப்பாடு, சட்டை, மழை வருது, கதவைச் சாத்து, இவ்வளவுதான். ஆரம்பத்தில் அதற்காக அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது.

அவர் வேன் ஓட்டுகிறவர். எங்கள் செம்பனைத் தோட்டத்திலும் பக்கத்து ஊரான கோலா சாவாவிலும் இருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு செனாவாங்கில் பேக்டரி வாசலில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். பதினோரு பெண்கள். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை ஷிப்ட். ஆறு மணிக்குள் வேன் கிளம்பியாக வேண்டும், அப்போது விடிந்திருக்காது. திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை. பாதி தூரத்துக்கு விளக்குக் கம்பமே கிடையாது.

அந்த இருட்டில் அவருக்குக் கண் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தெரியவில்லை. பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. கே.எல் என்று நாங்கள் சொல்கிற கோலாலம்பூரில் கிறிஸ்துமஸ் விளக்குப் பார்க்கப் போன இடத்தில்தான் எனக்கு வெளிச்சமானது.

முன்சீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது பெரியக்காவின் இடம். எங்கள் வேனில் வயதில் மூத்தவர் அவர்தான், எல்லாருக்கும் பெரியக்கா. முட்டி வலி, குனிந்து பின்னால் ஏறிப் போக முடியாது. பேக்டரி வேனில் இடம் என்பது கோயில் திருவிழா உபயம் மாதிரி. ஒருமுறை ஒருவருக்கு என்று ஆகிவிட்டால் அடுத்தவர் கை வைக்க மாட்டார்கள். அப்படியிருக்க ஒரு நாள் காலையில், அந்த வருஷம் தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும், எல்லாரும் ஏறுகிற நேரத்தில் இவர் சொன்னார்.

"பெரியக்கா, நீங்க பின்னாடி மொத சீட்டுல உக்காந்துக்குங்க. இவ முன்னாடி வரட்டும்."

சிரிப்பில் வேனே அதிர்ந்தது.

"அண்ணனுக்கு இந்த வயசுல வந்த லவ்வப் பாத்தீங்களா!"

"புதுப் பொண்ணு ஏறுது, வழி விடுங்கலா!"

பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. இவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார். இடம் போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் எனக்கு ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அன்றிலிருந்து அவர் பேச ஆரம்பித்தார். என்னிடம்! ரோட்டைப் பார்த்தபடியே கேட்பார். "அது யாரு, நம்ம மண்டோர் மோட்டாரா?" "முன்னால போறது லோரியா, டிராக்டரா?" "பாலத்துகிட்ட மாடு கீடு நிக்கிதா?" நான் விடுவேனா? கேட்டதற்கு மேல் பத்து மடங்கு சொல்வேன். "மண்டோர் மோட்டார்தான். பின்னால மருமகள ஒக்கார வச்சிருக்காரு, அவ மாசமா இருக்கா போல, அதான் ஓரமா மெதுவா உருட்டிக்கிட்டுப் போறாரு. இப்ப நடு ரோட்டுக்கு வராரு பாருங்க, மனுசனுக்கு அறிவு இருக்கா?" இவர் "ம்" என்று சொல்லி வேகத்தைக் குறைப்பார். "மாடு ரெண்டு படுத்திருக்கு. கறுப்பு ஒன்னு, இன்னொன்னு செவல. அந்தச் செவல நம்ம கோயில்காரவங்களது, போன வாரம் காணோம்னு தேடினாங்களே அதுதான்." "எந்தப் பக்கம் படுத்திருக்கு?" "இடது பக்கம்." வேன் வலது பக்கம் ஒதுங்கும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்துப் புருஷன் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார். தோட்டத்தில் ஆள் மேய்க்கிற மண்டோரின் மருமகளைப் பற்றியெல்லாம் அக்கறையாகக் கேட்டுக்கொள்கிறார். நான் காலையில் எழுந்து முகத்துக்குப் பவுடர் போட ஆரம்பித்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் இயந்திரச் சத்தமுமாக இருக்கிற இடத்துக்கு, தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிற வேலைக்கு, ஐந்து மணிக்கு எழுந்து பவுடர். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் போட்டேன்.

டிசம்பரில் பேக்டரியை ஒரு வாரம் மூடுவார்கள். எங்கள் ஒரே மகள் நீலாயில் படித்து, அங்கேயே வேலை கிடைத்து, ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கே.எல்லில் புக்கிட் பிந்தாங் தெருவில் போட்டிருக்கிற விளக்குகளை அவள் போனில் அனுப்பியிருந்தாள். "மா, நீங்க ரெண்டு பேரும் வாங்கலா. ஒரு தடவையாச்சும் பாருங்க." முந்தைய வருஷங்களாக இருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். இப்போதுதான் நாங்கள் பேசிக்கொள்கிற ஜோடியாயிற்றே. சாப்பாடு போடும்போது ஆரம்பித்தேன்.

"கூட்டமா இருக்கும். அங்க என்னா இருக்கு, பல்புதானே" என்றார்.

"பல்புதான். பாத்தா கண்ணு என்னா தேஞ்சா போயிரும்?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "சரி, போலாம். ஆனா கே.எல்லுக்கு வேன் எடுக்க மாட்டேன். ரயில்ல போலாம்" என்றார். பார்க்கிங் கிடைக்காது என்று காரணமும் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது.

வெயில் இருக்கும்போதே கிளம்பினோம். வேனைச் செனாவாங் ஸ்டேஷனில் விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயில் ஏறினோம். மகள் நீலாயில் ஏறிக்கொண்டாள். கே.எல் போய், மோனோரயில் மாறி, இறங்கும்போது மணி ஏழரை. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

தெருவில் காலை வைத்ததும் "அம்மாடியோ!" என்று கத்திவிட்டேன். ரோட்டுக்குக் குறுக்கே இந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் கட்டடம் வரை விளக்குச் சரங்கள். மரங்களில் அடியிலிருந்து கிளை நுனி வரை குட்டிக் குட்டி பல்புகளைச் சுற்றியிருந்தார்கள். பெரிய கடை வளாகத்துக்கு முன்னால் நாலு மாடி உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம். அதைச் சுற்றிக் கம்பியில் செய்த மான்கள், வண்டி, வளைவு வளைவாக நடந்து போகிற பாதை, எல்லாமே விளக்கு. ஈரத் தரையில் அத்தனையும் தலைகீழாக இன்னொரு தடவை எரிந்தன. மேலேயிருந்து சோப்பு நுரையைப் பனி என்று சொல்லி ஊதிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் குல்லா மாட்டிய சீனப் பிள்ளைகள், தலைக்குத் தூடோங் துணி கட்டிய மலாய்ப் பெண்கள், அரபுக்காரக் குடும்பங்கள், நம்மவர்கள், எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது.

அவர் என் கையைப் பிடித்தார். முழங்கைக்கு மேலே, இறுக்கமாக. கல்யாண மேடைக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். மகள் பார்த்துவிட்டாள்.

"அலாமாக்! பா, என்னா இது? ஸ்வீட்டா இருக்கே!"

"சும்மா இருடி" என்றேன். ஆனால் கையை எடுக்கவில்லை. எடுப்பேனா?

அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "அங்க பாரு, மான். ஒன்னு, ரெண்டு... ஆறு நிக்கிது. அந்த உச்சில நட்சத்திரம் பாத்தியா?" என்று அவரே எனக்குக் காட்டினார். உண்மையிலேயே பார்த்தார். அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நடு நடுவே, "படி இருக்கா?" என்பார். "ரெண்டு படி. வழுக்கும், பாத்து" என்பேன். "முன்னால யாரு?" "தள்ளுவண்டில ஒரு பாப்பா, கையில பலூன். வலது பக்கமா வாங்க." இப்படியே மரத்தடி வரை பேசிக்கொண்டே வந்துவிட்டோம். என் வாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வளைவுக்குக் கீழே மகளும் நானும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் கூப்பிட்டாள். "நீங்க இங்கயே நில்லுங்க, வந்துர்றேன்" என்று அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு போனேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். முகம் மேலே விளக்கைப் பார்த்திருந்தது. உதட்டில் சிரிப்பு. ஆனால் இரண்டு கையும் இடுப்புக்கு முன்னால் லேசாக நீட்டியபடி இருந்தன, இருட்டறையில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. ஒரு அடி எடுத்து வைத்தார். காலடியில் கறுப்புக் கவுன் போட்ட ஒரு மலாய்க் குழந்தை குனிந்து நுரையை அள்ளிக்கொண்டிருந்தது. நேராக அதன்மேல் போய் மோதினார். குழந்தை முகம் குப்புற விழுந்து வீறிட்டது.

"மாத்தா லெத்தாக் மானா?" என்று அதன் தகப்பன் கத்தினார். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்.

இவர் பதறிப்போய்க் குனிந்து, "மாஆப், பாங், மாஆப்" என்று மன்னிப்புக் கேட்டார். அந்தத் தகப்பனிடம் இல்லை. அவர் வலது பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். இவர் இடது பக்கம் திரும்பி, படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஒன்றும் புரியாமல் விலகினார்கள். இவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து இன்னும் இரண்டு தடவை "மாஆப்" என்றார்.

குழந்தைக்கு அடி இல்லை, மகள் ஓடிப்போய்ச் சமாதானம் பேசினாள். நான் அவருக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். பேசவில்லை. வாயைத் திறக்காமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். பார்வை என் தோளை ஒட்டி வந்து அப்படியே தாண்டிப் போனது. கையை ஆட்டினேன். மறுபடியும் தாண்டிப் போனது. இத்தனை விளக்கு எரிகிறது, இவருக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியைத் தெரியவில்லை.

"என்னங்க" என்றேன்.

அந்த முகத்தில் வந்த நிம்மதி! "எங்க போயிட்ட நீ?" என்று கேட்டு, குரல் வந்த திசையில் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ரயிலில் நீலாய் வரும்வரை நான் பேசவில்லை. மகள், "மா, என்னா டயர்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் இறங்கியதும் அவரிடம் திரும்பினேன்.

"எவ்வளவு நாளா?"

"எது?"

"நடிக்காதீங்க. பக்கத்துல நின்னு கைய ஆட்டினேன். தெரியல ஒங்களுக்கு."

லாபு ஸ்டேஷன் தாண்டியது. தீரோய் வரப்போகிறபோது, "ரெண்டு தீபாவளி ஆச்சு" என்றார். "பகல்ல ஒன்னும் இல்ல, நல்லாத்தான் தெரியிது. பொழுது சாஞ்சா ஓரமெல்லாம் அடைஞ்சு போயிருது. நேரா இருக்கறது தெரியும். லைட்டு தெரியும். சைடுல ஒன்னுமே இல்ல."

"அப்பறம் எப்படி வண்டி ஓட்டுறீங்க?"

"நீதான் சொல்றியே."

எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதலில் அந்தப் பதினோரு பெண்களின் உயிர் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பவுடர்தான் வந்தது. மண்டோர் மருமகள் வந்தாள், செவலை மாடு வந்தது, கேட்டதற்கு மேல் பத்து மடங்கு சொன்ன என் வாய் வந்தது. அவருக்கு வேண்டியது இடது பக்கமா, வலது பக்கமா என்பது மட்டும்தான். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"பதினோரு பேருங்க" என்று பிறகுதான் சொன்னேன். "பதினோரு வீட்டுப் பொம்பளைங்க. எல்லாருக்கும் பிள்ளை குட்டி இருக்கு. அடப்பாவி மனுசா, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ ஏற விட்டுருப்பியா?" என்றார். அதோடு சரி.

செனாவாங்கில் இறங்கினால் வேன் நிற்கிறது. எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியும், வேன் தெரியாது. போனில் ஒரு காரைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் கதவைத் திறந்து ஏறிவிட்டார். நானும் ஏறினேன். தெரிந்துகொண்டே ஏறினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நான் மற்றவர்களைக் கேட்ட கேள்விக்கு இதுவும் பதில்தான். அன்றைக்கு நான் கதை எதுவும் சொல்லவில்லை. "இடது பக்கம் மோட்டார். இன்னும் இடது. வளைவு. எதுக்க லோரி. நாய். நாய், நாய்!" வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொண்டை காய்ந்து, முதுகெல்லாம் நனைந்திருந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் லீவு போட்டு வந்து, இரண்டு பேருமாக அவரைச் சிரம்பானில் கண் டாக்டரிடம் இழுத்துப் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கிற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஒவ்வொரு இடத்தில் சின்ன விளக்குப் புள்ளி வரும், தெரியும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து அழுத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக், டிக் என்று இரண்டு கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. எழுந்து போய் உலுக்கலாமா என்று தோன்றும் அளவுக்கு ஒன்றும் கேட்காது. விழித்திரையில் கோளாறு, போனது போனதுதான், இனி பகலிலும் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"அந்த டாக்டரம்மாவுக்கு என்னா தெரியும்? நம்ம ரோட்ட அவங்க பாத்துருக்காங்களா?" என்றார் வீட்டுக்கு வந்ததும். "பதினேழு வருசம் ஓட்டுறேன். ஒரு கீறல் உண்டா சொல்லு. நான் நிறுத்திட்டா அவங்கல்லாம் எப்படி வேலைக்குப் போவாங்க? பஸ்ஸா வருது தோட்டத்துக்கு? நீ இதுவரைக்கும் எப்படி உக்காந்து வந்தியோ அப்படியே வா. வேற ஒன்னும் வேணாம்."

இரண்டு நாள் நான் அதையும் யோசித்தேன். இன்னும் கூர்மையாகப் பார்த்தால் என்ன, இன்னும் ஒழுங்காகச் சொன்னால் என்ன என்று படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டேன். பிறகு ஒரு தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. அதோடு தூக்கம் போய்விட்டது.

பேக்டரி திறக்கிற அன்று, அவர் குளிக்கப் போன நேரத்தில், ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோயிலுக்கு முன்னால் ஒரு திடல் இருக்கிறது, தோட்டத்துப் பெண்கள் அங்கேதான் நின்று ஏறுவார்கள். கோலா சாவாவிலிருந்து ஏறுகிறவர்களையும் அன்று அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். மோட்டாரில் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லாரும் வழக்கம்போல போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நடுவில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அவருக்கு இருட்டுல கண்ணு தெரியல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். இனிமே வேன் ஓடாது. மன்னிச்சிருங்க."

கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கத்தவில்லை. பெரியக்காதான் வாயைத் திறந்தார்.

"என்னாடி சொல்ற? ஒனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"ஆமாக்கா. சத்தியமா."

"அடி பாவி. எங்களுக்கு அப்பவே தெரியுமே! ஒன்ன முன்னாடி ஏத்தினாரே, அன்னிக்கே எனக்குத் தெரியும். நாங்க ஏன் எல்லாரும் போன் லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறோம்னு நெனச்ச? பாம்புக்கா? லைட்டு இல்லாட்டி மனுசன் வண்டிய எங்க மேலயே ஏத்திருவாருடி."

"தெரிஞ்சா ஏறுனீங்க? ஏன்க்கா ஏறுனீங்க?"

"வேற எதுல போறது?" என்றாள் கடைசி சீட்டில் உட்கார்கிற ஒருத்தி. "அதோட நீங்கதான் இருந்தீங்களேக்கா. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வந்தீங்க. நீங்க தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு இருந்தோம்."

"ஒனக்குப் பல்லு வலிச்சுதே, கன்னம் வீங்கி, பேச முடியாம ஒரு நாள் வந்தியே" என்றார் பெரியக்கா. "அன்னிக்கு இங்கேருந்து செனாவாங் வரைக்கும் நாங்க ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு வந்தோம். நீ என்னடான்னா ஒன்னுமே தெரியாம உக்காந்திருந்தியா?"

அப்போதுதான் டார்ச் வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பதைப் பார்த்தேன். சாவியைக் காணாமல் வேலியைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டார் என்று மட்டும் முகத்தில் தெரிந்தது. அவர் என்னிடம் மறைத்தார். ஊரிடம் மறைத்துவிட்டோம் என்றும் நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு பேரும் தனக்காகத்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"அண்ணே" என்று பெரியக்கா கூப்பிட்டார். அவர் திரும்பி, அதே வேலியைத் தடவிக்கொண்டு நடந்தார். யாரோ ஒருத்தி பின்னாலேயே போய் அவர் காலடியில் டார்ச் அடித்தாள். அவர் நின்றுவிட்டார். அவள் டார்ச்சை அணைத்த பிறகுதான் நடந்தார்.

மூன்று வாரம் கழித்து வேறொரு வேன் வந்தது. அதற்குள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். பெரியக்காவும் நின்றுவிட்டார், அந்தப் புது வேனில் அவர் முட்டிக்குத் தோதான இடம் இல்லை. என்மேல் சிலருக்குக் கோபம். நான் செய்தது சரி என்று மகள் சொல்கிறாள். சரிதான், எனக்கும் தெரியும்.

அவர் பகலில் தோட்டத்தைச் சுற்றி வருகிறார், சமைக்கிறார், எனக்குச் சாப்பாடு கட்டித் தருகிறார். பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். திடலில் எல்லாம் தெரிந்த அன்றிலிருந்து அவர் என்னை எதுவும் கேட்பதில்லை. கூடத்தில் நடக்கும்போது, "ஏங்க, வலது பக்கம் நாற்காலி" என்று சொல்லிப் பார்த்தேன். அங்கேயே நின்றுவிட்டார். நான் அந்த இடத்தைவிட்டுப் போகும்வரை நகரவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். காலில் எங்கே பார்த்தாலும் இடித்துக்கொண்ட காயம். நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தேன், அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டார். அதனால் இப்போதெல்லாம் அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டால் நான் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறேன். அங்கே நின்று, அவர் இடித்துக்கொள்வதைக் கேட்கிறேன்.